மூச்சடக்கத் தெரிந்த நெல்

காவிரி கடலைத் தொடுவதற்கு முன் கடைசியாகப் பாயும் ஊர்களில் கீழ்வேளூரும் ஒன்று. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, கேடிலியப்பர் கோயிலைச் சுற்றி அமைந்த இந்த ஊரையும் இதன் சுற்றுக் கிராமங்களையும் கடைமடை என்பார்கள். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர், தஞ்சாவூர், திருவாரூர் வயல்களையெல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியில்தான் இங்கே வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மேலே உள்ள வயல்கள் வடிக்கும் தண்ணீரும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றமாக இருந்தால் வடிகால் வாங்காது. நட்டு மூன்று வாரம், நான்கு வாரமான சம்பாப் பயிர் தோகை நுனிகூடத் தெரியாமல் மூழ்கிக் கிடக்கும். ஒரு வாரம் தாண்டினால் சாதாரண ரகம் அழுகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு மறுநடவுக்கு நாற்றும் கிடைக்காது, நாளும் இருக்காது.

இந்தத் துன்பத்துக்கு ஓரளவு ஈடு கொடுக்கும் நெல் ஒன்று இப்போது டெல்டா முழுக்கப் பரவியிருக்கிறது. விதைப் பையில் ‘சிஆர் 1009 சப்-1’ என்று அச்சாகியிருக்கும். விவசாயிகள் வாயில் அது வெறும் ‘சப்-ஒன்’. முழுக்க மூழ்கி ஏறத்தாழ இரண்டு வாரம் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்த்துத் தூர் கட்டும். அந்தக் குணம் இந்த நெல்லுக்கு எங்கிருந்து வந்தது, எந்தெந்த ஊர் வழியாக, யார் யார் கைமாறி வந்தது என்று தேடிப் போனால், நம் நாட்டில் ஆராய்ச்சி நிலையங்கள் எப்படி உருவாயின என்ற வரலாறும் கூடவே வந்துவிடுகிறது.

தொடக்கம் ஒடிசாவில். மகாநதியும் அதன் துணை ஆறுகளும் ஆண்டுதோறும் கரை புரளும் தாழ்வான நிலங்கள் அங்கே நிறைய. அந்த நிலங்களில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த நாட்டு நெல்களில் ஒன்று தளபுடியா. நெட்டையாக வளரும், விளைச்சல் குறைவு, அரிசியும் மட்டம். ஆனால் வெள்ளத்தில் முங்கினால் சாகாது. எந்த விஞ்ஞானியும் சொல்லித் தராமல், மூழ்கியும் பிழைத்த செடியின் கதிரைப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தவர்கள் அந்த விவசாயிகள். இந்தப் பயணத்தின் முதல் ஆராய்ச்சியாளர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1940களில் ஒடிசாவின் நெல் வல்லுநர்கள் தளபுடியாவை வாங்கிப் பயிரிட்டார்கள். நாட்டு நெல் எதுவும் ஒரே மாதிரியான செடிகளால் ஆனதல்ல, பல குணங்களின் கலவை. தனித்தனிச் செடியின் விதையைத் தனித்தனி வரிசையில் போட்டு, வெள்ளம் தாங்குபவற்றை மட்டும் பொறுக்கி, கலப்பில்லாத வழியாக நிலைநிறுத்துவது அன்றைய முறை. அப்படிப் பொறுக்கிய ஒன்றுக்கு எஃப்ஆர் 13ஏ என்று பெயரிட்டார்கள். வெள்ளத்தைத் தாங்குவது என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளும் ஓர் எண்ணும், அவ்வளவுதான்.

அதே பத்தாண்டில்தான் வங்கத்தில் 1943 பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அந்தக் கொடுமைக்குப் பிறகு, 1946இல், ஒடிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. ராமையா. கீழக்கரையில் பிறந்த தமிழர். கட்டாக்குக்குப் போகும்போதே அவர் பழுத்த அனுபவசாலி. 1912இல் கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியபோது அதற்குப் பொறுப்பேற்றவர் எஃப்.ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயத் தாவரவியலர். அவரிடம் தொழில் கற்று, பின்னாளில் அந்த நிலையத்தையே வளர்த்தவர் ராமையா. ஜிஇபி 24 என்ற கிச்சிலிச் சம்பா அங்கே கண்டெடுக்கப்பட்டதுதான். அதன் வழியில் டிகேஎம் 6 வந்தது. டிகேஎம் 6 வழியில் ஐஆர் 20 வந்தது. ஐஆர் 20 சாப்பிடாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் அரிது.

ராமையா கட்டாக்கில் ஒரு நிலையத்தைத் தொடங்கியது, நீண்ட கோயம்புத்தூர் அனுபவத்தின் தொடர்ச்சி. ஒரு நிலையம் நன்றாக அமைந்தால் அது இன்னொரு நிலையத்தைப் பெற்றுத் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கட்டாக்கின் ஆட்கள் 1955 முதல் 1959 வரை ஒடிசாவின் ஜெய்ப்பூர் மலைப்பகுதியில் ஊர் ஊராக நடந்து நாட்டு நெல் சேகரித்தார்கள். உடனடிப் பலன் எதுவும் இல்லாத வேலை. பலன் தெரிய ஐம்பது ஆண்டு ஆகலாம் என்று தெரிந்தே செய்த வேலை.

1960இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில், ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1966இல் வெளிவந்த ஐஆர் 8 அதற்கு உலகப் புகழ் தந்தது. அந்த நிலையத்தின் விதை வங்கி பற்றி நம் பக்கம் அதிகம் பேசுவதில்லை. பல நாட்டு விவசாயிகளின் நெல் விதைகளை வாங்கி, உலர்த்தி, குளிர் அறையில் பூட்டி, குறித்த கால இடைவெளியில் முளைக்கிறதா என்று பார்த்து, முளைப்புத்திறன் குறைந்தால் மறுபடி பயிரிட்டுப் புது விதை எடுத்து வைக்கும் இடம் அது. இன்று அங்கே 1,30,000க்கும் மேற்பட்ட நெல் வகைகள் இருக்கின்றன. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் விவசாயிகளின் சொந்த விதைகள் அழிந்தபோது, முன்பு சேகரித்து வைத்திருந்த விதைகளை 1980களில் திருப்பிக் கொடுத்தது இந்த வங்கி.

எஃப்ஆர் 13ஏயும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1970களில் அந்த நிலையத்தார் நூற்றுக்கணக்கான நெல் வகைகளைத் தொட்டியில் மூழ்கடித்து, எவை பிழைக்கின்றன என்று சோதித்தார்கள். முன்வரிசையில் நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ. இன்னொன்று இலங்கையிலிருந்து போன குறுக்கறுப்பன். அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஈழத்து வயல் ஒன்றில் நின்ற நெல்லும் அந்தச் சோதனைத் தொட்டிக்குள் தலைநிமிர்ந்து நின்றிருக்கிறது.

பிழைக்கும் நெல் கிடைத்துவிட்டது. அந்தக் குணத்தை நல்ல விளைச்சல் தரும் ரகத்துக்குள் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. எஃப்ஆர் 13ஏயை உயர்விளைச்சல் ரகங்களோடு ஒட்டுச் சேர்த்தால், வெள்ளம் தாங்கும் குணத்தோடு மட்டமான அரிசியும் நெட்டைத் தண்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தன. விவசாயி அதைத் தொடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு இப்படியே போனது. வேறு இடமாக இருந்தால் திட்டத்தை மூடியிருப்பார்கள். அங்கே மூடவில்லை.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். டேவிட் மெக்கில் என்ற இனவிருத்தியாளரும் கெனாங் ஷு என்ற ஆய்வாளரும், வெள்ளம் தாங்கும் குணத்தின் பெரும்பகுதி நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் ஓரிடத்தில் இருக்கிறது என்று 1996இல் காட்டினார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர்தான் சப்-1. பத்து ஆண்டு கழித்து, 2006இல், கலிஃபோர்னியாவின் பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் சேர்ந்து அந்த இடத்தில் உள்ள மரபணுவைத் துல்லியமாக அடையாளம் கண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

அந்த மரபணு செய்யும் வேலை வியப்பானது. சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கினால் அதன் உடலில் எத்திலீன் வாயு தேங்கும். அது ‘வளர், வளர்’ என்று செடியை உந்தும். செடி காற்றைத் தேடி அவசர அவசரமாகத் தண்டை நீட்டும். கையிருப்புச் சர்க்கரை எல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். தண்ணீர் வடியும்போது எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது, சாய்ந்து அழுகும். சப்-1 உள்ள நெல்லில் அந்த உந்துதல் அடக்கப்படுகிறது. முத்துக்குளிப்பவர் மூச்சடக்கி அடியில் இருப்பதைப் போல அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சர்க்கரையைச் சேமித்துக் காத்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் அந்தச் சேமிப்பில் புது இலை விடுகிறது.

மரபணு இருக்கும் இடம் தெரிந்த பிறகு வேலை எளிதானது. விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளம் தாங்கும் செடியோடு ஒட்டுச் சேர்த்து, பிறந்த செடியை மறுபடி மறுபடி பழைய ரகத்தோடே ஒட்டுச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இலையில் ஒரு துண்டு கிள்ளி டிஎன்ஏ பரிசோதனை செய்து, சப்-1 மட்டும் வந்து மற்றதெல்லாம் பழைய ரகமாகவே இருக்கும் செடியைத் தேர்ந்தார்கள். முதலில் ஆந்திராவின் சொர்ணா ரகத்தில் இது கைகூடியது. அந்த ஆய்வை முன்னின்று எழுதியவர் சி.என். நீரஜா என்ற இந்திய ஆய்வாளர். சொர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. இது மரபணு மாற்றப்பட்ட பயிர் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் சூலகத்தில் சேர்க்கும் பழைய வழிதான், எதைத் தேர்வது என்பதற்கு மட்டும் புதுக் கருவி. வீரிய ஒட்டு விதையும் அல்ல. விவசாயி தன் அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், குணம் போகாது.

சொர்ணாவோடு சேர்த்து வேறு ஐந்து ரகங்களுக்கும் சப்-1 ஏற்றினார்கள். லாவோஸுக்கு ஒன்று, வங்கதேசத்துக்கு ஒன்று என்று போன அந்தப் பட்டியலில் நமக்கு வேண்டியது சிஆர் 1009. சாவித்திரி என்றும், தமிழ்நாட்டில் பொன்மணி என்றும் அழைக்கப்பட்ட இது, கட்டாக்கில், ராமையா தொடங்கிய அதே நிலையத்தில் உருவானது. 155 நாளுக்குக் குறையாத நீண்ட கால நெல், குட்டைப் பருமன் அரிசி, இட்லிக்கு நன்றாக இருக்கும். டெல்டா சம்பாவுக்கு இதன் வயது கச்சிதம். ஆக, ஒடிசா விவசாயியின் தளபுடியாவும் ஒடிசா நிலையத்தின் சாவித்திரியும் கடல் கடந்து லாஸ் பானோஸில் சந்தித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சோதனை வயல்கள் வழியாக, 2010களின் நடுவில் காவிரிக் கடைமடைக்கு வந்து சேர்ந்தன. தளபுடியாவைப் பொறுக்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் எழுபது ஆண்டுப் பயணம்.

டெல்டாவுக்கு ஆராய்ச்சி நெல் வந்தது இது முதல் முறையல்ல. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலேயே தொடங்கியது. ராமையா முன்மொழிந்த, ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் திட்டத்தின் பயனாக, ஜிஇபி 24ஐயும் நோரின் 10ஐயும் பெற்றோராகக் கொண்ட ஏடிடி 27 அங்கிருந்து 1960களின் நடுவில் வெளிவந்தது. தஞ்சை மாவட்டத்தின் குறுவையை அது சில ஆண்டுகளில் மாற்றிப்போட்டது. விளைச்சல் கூடியது. அந்தக் கூடுதலில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டார்கள் கூலித் தொழிலாளர்கள். அதற்குப் பதிலாகக் கிடைத்தது 1968 டிசம்பர் 25 இரவு. இன்றைய கீழ்வேளூர் வட்டத்திலேயே உள்ள கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விதை மட்டும் நீதியைக் கொண்டுவராது என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால்தான் சப்-1 பற்றி ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் ஈர்த்தது. 128 கிராமங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில கிராம விவசாயிகளுக்குச் சொர்ணா சப்-1 விதை கொடுத்து, மற்றக் கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2013இல் வெளியானது. வெள்ளம் வந்தபோது இந்த நெல் விளைச்சல் இழப்பைக் குறைத்தது. அதன் பலன் பட்டியல் சாதி விவசாயிகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் போய்ச் சேர்ந்தது. காரணம் எளிது. தாழ்வான, தண்ணீர் தேங்கும் நிலங்கள்தான் வரலாற்றில் அவர்களுக்கு விடப்பட்டிருந்தன. எந்தப் பிரச்சினையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே யாருக்குப் பலன் என்ற முடிவும் பாதி அடங்கியிருக்கிறது.

தன் பிரச்சினைகளைத் தானே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நாட்டுக்கு உதாரணமாக, நாகை, திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் குவைத்தை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். எண்ணெய் வளம் தவிர அதிகம் இல்லாத அந்தச் சின்ன நாடு, தனக்கென்று ஓர் அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தை 1967இல் உருவாக்கியது. எண்ணெய் எடுக்க உரிமை கேட்டு வந்த ஜப்பானியக் கம்பெனியிடம், ஆராய்ச்சி நிலையம் கட்டித் தருவதையும் ஒப்பந்தக் கடமையாக்கி வாங்கிக்கொண்டது. பாலைவன விவசாயம், மீன் வளர்ப்பு, பெட்ரோலியம் என்று சொந்தத் தேவைகளையே ஆய்வுக்கு வைத்தது. 1976இல் அறிவியல் வளர்ச்சிக்கென ஓர் அறக்கட்டளை. அதற்கு நாட்டின் கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்ற ஏற்பாடு. 1990இல் ஈராக் படை புகுந்தபோது அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கருவிகள் கொள்ளை போயின. போருக்குப் பின் மறுபடி எழுப்பினார்கள். பணம் இருந்ததால் முடிந்தது என்று சொல்லிவிடலாம். பணம் இருந்தும் இதைச் செய்யாத நாடுகள் உண்டு. வருமானம் வரும்போதே ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு என்று சட்டமாக ஒதுக்கி வைத்த முன்யோசனையைத்தான் நான் மதிக்கிறேன்.

நமக்கு இப்போது கீழ்வேளூரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வந்திருக்கின்றன. பக்கத்திலேயே சிக்கலில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே செய்ய வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது, ஏனென்றால் சப்-1 எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. முழுக்க மூழ்கி இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளத்துக்குத்தான் அது உதவும். முழங்கால் அளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலில், நீண்டு வளராத அந்தக் குணமே பாதகமாகலாம். கடைமடையில் இப்போது நேரடி விதைப்பு அதிகம். விதைத்த மறுநாள் மழை கொட்டி முளைக்கும் முன்பே விதை மூழ்கினால் சப்-1 காப்பாற்றாது. அதற்கு வேறு குணம் தேவை. மியான்மரின் ஒரு நாட்டு நெல்லில் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. உப்பைத் தாங்கும் குணம் கேரளத்துப் பொக்காளியில் இருக்கிறது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா டெல்டா முழுக்கச் சாய்ந்தது. அந்தச் சிக்கலுக்குச் சப்-1 தொடர்பே இல்லை. வடிகாலைத் தூர் வாராமல் விட்டுவிட்டு விதையிடம் மட்டும் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

நம் பக்கத்து நெல்லிலும் தேட இடம் இருக்கிறது. காட்டுயானம், மடுமுழுங்கி, குழியடிச்சான் என்று வெள்ளத்தையும் கடலோர மண்ணையும் அறிந்த நாட்டு ரகங்கள் இங்கே இருந்தன. நெல் ஜெயராமன் போன்றவர்கள் விதைத் திருவிழா நடத்தி ஊர் ஊராக மீட்டுக் கொடுத்ததால் இன்னும் இருக்கின்றன. ஜெயராமன் 2018இல் மறைந்தார். அவர் சேகரித்ததை ஆய்வு நிலையங்களின் தொட்டியில் மூழ்கடித்துச் சோதித்து, எந்த ரகத்தில் எந்தக் குணம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வைக்கும் வேலை முறையாக நடக்க வேண்டும். எஃப்ஆர் 13ஏக்கு நடந்தது அதுதான்.

இதையெல்லாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் முடித்துவிட முடியாது. கீழ்வேளூர் நிலையத்துக்கு அரசு தர வேண்டியது மூன்று. மழைக்காலத்தில் நிஜமாகவே மூழ்கக்கூடிய தாழ்வான சோதனை வயல். மின்தடை வந்தாலும் குளிர் குறையாத ஒரு விதை அறை. பத்து ஆண்டாவது இடமாற்றம் இல்லாமல் ஒரே பிரச்சினையில் உழைக்க அனுமதிக்கப்பட்ட இரண்டு மூன்று ஆய்வாளர்கள். மூன்றில் கடைசியானதற்குச் செலவு மிகக் குறைவு, மனம் மட்டும் வேண்டும். ராமையா போன்றவர்கள் நெல்லோடு நீண்ட காலம் இருந்ததால்தான் கோயம்புத்தூரும் கட்டாக்கும் நிலைத்தன.

கடைமடை விவசாயிகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் குதிரிலோ பானையிலோ பாட்டன் காலத்து நெல் ஒரு படியாவது மிச்சம் இருந்தால், அதில் பாதியை உங்கள் வயலுக்கு வைத்துக்கொண்டு மறுபாதியைக் கல்லூரியிலோ சிக்கல் நிலையத்திலோ கொடுங்கள். பெயர், எந்த நிலத்தில் போட்டது, எத்தனை நாள் தண்ணீர் தாங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கொடுத்தவர் பெயர் பதிவேட்டில் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.